முழிச்ச பெறகும் வலிச்சுதா?

நடப்பது கனவா நனவா என்று தெரியாமல் கதாநாயகன் தன்னைத் தானே கிள்ளிப் பார்ப்பதைச் சினிமாவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். வலித்தால் நனவு, வலிக்காவிட்டால் கனவு. எங்கள் வீட்டில் அந்தச் சோதனை செல்லாது. பாம்பு கொத்தி, பல் விழுந்து, நாய் கடித்து, நெருப்பில் கால் வைத்து, 'ஐயோ' என்று அலறிக்கொண்டு எழுந்த பெண்கள் நிறைந்த வீடு அது. கனவில் வலிக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எதனால் வலித்தது என்பதுதான் பேச்சாக இருந்தது.

சாத்தூர்ப் பக்கம் கரிசல்காட்டு ஊர். ஆண்கள் காட்டு வேலைக்கும் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும் போவார்கள். ஆபீசுக்குப் போக முடியாதவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே கட்டை அடுக்குவார்கள். அந்தத் திண்ணைகளில் ஒன்றில்தான் என் அப்பத்தா உட்கார்ந்திருப்பாள், குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கிக்கொண்டே ஊர்க்காரர்களின் கனவுகளைக் கேட்டபடி. எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் எந்தக் கனவுக்கு என்ன பலன் என்று கேட்டால் தயங்காமல் சொல்வாள்.

பாம்பு துரத்தினால் கடன் தொல்லை. அதே பாம்பு கடித்து ரத்தம் வந்துவிட்டால் பிடித்த சனி விட்டது என்று அர்த்தம். கனவில் அழுதால் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பல் விழுந்தால் உறவில் ஒரு சாவு; மேல்வரிசைப் பல் என்றால் அப்பா வழி, கீழ்வரிசை என்றால் அம்மா வழி. எழுந்தவுடன் வாய் கொப்பளிக்காமல் கனவைச் சொல்லக் கூடாது. கெட்ட கனவு என்றால் மனுசரிடம் சொல்வதற்கு முன்னால் தொழுவத்துக்குப் போய் மாட்டிடம் சொல்லிவிட வேண்டும். மாடு அதை வாங்கிக்கொள்ளும்.

பலன்களைவிட எனக்கு இன்றைக்கும் நன்றாக நினைவிருப்பது அவள் கேட்கும் கேள்விகள். யார் எந்த வலிக் கனவோடு வந்தாலும் மூன்று கேட்பாள். "எங்க வலிச்சுச்சு?" கையை வைத்துக் காட்டச் சொல்வாள். "எந்தச் சாமத்துல கண்ட?" கடைசியாக, குச்சி அடுக்குவதை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்து, "முழிச்ச பெறகும் வலிச்சுதா?"

இரண்டாவது கேள்விக்கு நம் மரபில் நீண்ட வேர் இருக்கிறது என்பதைக் கல்லூரியில் தமிழ் படித்தபோதுதான் அறிந்தேன். பொன்னவன் என்பவர் பெயரில் 'கனா நூல்' என்று ஒரு சிறு நூல் உண்டு. இரவை நான்கு யாமமாகப் பிரித்து, முதல் யாமத்தில் கண்ட கனவு ஓராண்டிலும், இரண்டாம் யாமத்துக் கனவு 8 மாதத்திலும், மூன்றாம் யாமத்துக் கனவு 3 மாதத்திலும், கடை யாமத்துக் கனவு 10 நாளிலும் பலிக்கும் என்கிறது அது. அப்பத்தா இதை வாசித்திருக்க வழியில்லை. அவளுடைய அப்பத்தாவிடமிருந்து வந்திருக்கும். விடியற்காலைக் கனவுக்கு அவள் கொடுத்த முக்கியத்துவத்துக்கு உடலிலும் ஒரு காரணம் இருக்கிறது. 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவரின் கண்மணிகள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் ஒரு தூக்கநிலையைப் பதிவுசெய்தார்கள். துலக்கமான கனவுகள் பெரும்பாலும் வருவது அந்த நிலையில்தான். அது இரவின் பிற்பகுதியில் நீண்டுகொண்டே போய், விடியும் நேரத்தில் அதிக நேரம் நிற்கிறது. விடியற்காலைக் கனவு நீளமாகவும் தெளிவாகவும் நினைவில் தங்குவது அதனால்.

மூன்றாவது கேள்வியை நான் வேறெந்தக் கனவு நூலிலும் பார்த்ததில்லை. அது அப்பத்தாவுடையது என்றே நம்புகிறேன். விழித்த பிறகு வலி இல்லையென்றால் பலன் சொல்வாள். வலி தொடர்ந்தது என்று சொன்னால் பலனே சொல்ல மாட்டாள். "இது கனா இல்ல, ஒடம்பு கூப்புடுது" என்று எழுந்துவிடுவாள்.

தெருவில் ஒரு சித்தி, காதுக்குள் யாரோ கம்பியை விட்டுக் குடைவதுபோலக் கனவு கண்டு ஓடி வந்தார். கெட்ட சேதி வரப்போகிறதோ என்று பயம். அப்பத்தா மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். இன்னும் குடைகிறது என்றார் சித்தி. படுக்கவைத்துத் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கிக் காதில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெயோடு ஒரு பூச்சி வெளியே வந்தது. அன்றைக்கு நான் கண்ட ஆச்சரியம் இன்னும் குறையவில்லை. வெளியே இருக்கும் காதுக்குள் புகுந்த பூச்சி, உள்ளே ஓடும் கனவில் கம்பியாக மாறி நுழைந்திருக்கிறது.

இது நடக்கக்கூடியதுதான் என்பதை ஆய்வகத்திலும் காட்டியிருக்கிறார்கள். 1990களில் கனடாவின் மொன்றியல் நகரில் டோரே நீல்சன் குழுவினர், கனவுத் தூக்கத்தில் இருப்பவர்களின் காலில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கினார்கள். பிறகு எழுப்பி, என்ன கண்டீர்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் கனவுகளில் வலி இருந்தது. பின்னர் அதே நகரத்து ஆய்வாளர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தவர்களின் கனவுகளைக் கேட்டு எழுதினார்கள். அந்தக் கனவுகளில் 30 விழுக்காட்டில் வலி வந்திருந்தது. வலியோடு கனவு கண்டவர்கள் மற்றவர்களைவிட மோசமாகத் தூங்கியிருந்தார்கள். பகலில் வலிப்பது இரவிலும் அவர்களை விடவில்லை.

தீக்காயம் என்றதும் எங்கள் ஊரில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. பட்டாசு ஆபீஸ் வெடிவிபத்தில் மகனை இழந்த தாய் அவர். அதற்குப் பிறகு பல மாதம் தன் இரண்டு கையும் எரிவதாகக் கனவு கண்டு எழுந்தார். அப்பத்தாவிடம் வந்து கையை நீட்டிக் காட்டுவார். கையில் ஒன்றும் இருக்காது. விழித்த பிறகு எரிவதில்லை என்றும் சொல்வார். அப்பத்தாவின் முறைப்படி அது பலன் சொல்ல வேண்டிய கனவு. அவள் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கைகளில் ஒரு சட்டத்தைக் கொடுத்துக் குச்சி அடுக்கச் சொல்வாள். இரண்டு பேரும் வெயில் ஏறும்வரை பேசாமல் அடுக்குவார்கள். எந்த நரம்பிலும் தேடிக் கிடைக்காத வலி அது. எல்லா வலிக் கனவையும் வைத்தியரிடம் கொண்டுபோக முடியாது என்று நான் எழுதுவது அந்தத் தாயை நினைத்துத்தான்.

அப்பத்தா போன பிறகு ஊரில் பலன்கள் மிச்சமிருந்தன. கேள்விகள் போய்விட்டன. பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் கனவுப் பலன் இருந்தது. அதைப் பார்த்து யாரும் சொல்லலாம். முகத்தைப் பார்த்துக் கேட்கத்தான் ஆள் இல்லை. அதன் விலையை என் அம்மா கொடுக்க இருந்தாள்.

அப்பா இறந்து கொஞ்ச காலத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு கனவு வரத் தொடங்கியது. மாரியம்மன் கோவில் பூக்குழியில் நடக்கிறாள். மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, முன்னால் கரகம் போகிறது. கங்கு உள்ளங்காலைச் சுடுகிறது. எவ்வளவு நடந்தாலும் குழியின் அந்தப் பக்கம் வரவே இல்லை. பாதி ராத்திரியில் எழுந்து பின்வாசலுக்குப் போய்த் தொட்டித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றிக்கொள்வாளாம். பிறகு பாயை விட்டுவிட்டுச் சிமெண்டுத் தரையில் பாதத்தை ஒட்டவைத்துப் படுப்பாளாம். சில நாள் பூக்குழிக்குப் பதிலாகக் கட்டெறும்புப் புற்று. சில நாள் சீமைக்கருவேல முள் பரப்பிய பாதை. எப்போதும் உள்ளங்கால்தான்.

உறவில் எல்லாரும் ஒரே பலன் சொன்னார்கள். எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது, பிள்ளை பிழைத்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று அம்மா நேர்ந்திருந்தாள். அந்த வருஷம் தாத்தா சாவு, தீட்டு. அடுத்த வருஷம் தம்பி வயிற்றில். அப்படியே தள்ளிப்போய் மறந்துபோன நேர்த்திக்கடன். "ஆத்தா கேக்குறா, குடுத்துரு" என்றார் பெரியம்மா. அம்மாவும் நம்பினாள். பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்து இறங்குவது என்று முடிவாயிற்று. மஞ்சள் சேலைகூட எடுத்தாயிற்று.

அந்தப் பலனைச் சொன்னவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்கள் அம்மாமேல் பிரியம் கொண்டவர்கள். எரிகிறது என்று ஒருத்தி சொன்னால் தங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணத்தைத் தேடிக் கொடுத்தார்கள். அதுவும் வெறும் காரணமாக இல்லை. அம்மாளே உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது, புருசனை இழந்து தனியாகப் படுக்கும் ஒருத்திக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

மதுரையிலிருந்து நான் ஊருக்குப் போன ஒரு சனிக்கிழமை, அம்மா இதையெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அப்பத்தாவின் கேள்வி என் வாயில் வந்துவிட்டது. "முழிச்ச பெறகும் எரியுதாம்மா?"

"முழிச்ச பெறகுதான தாயி கூட எரியுது" என்றாள்.

காலை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். இடது குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த புள்ளி, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது. உள்ளே முள் ஒடிந்திருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன். "முள்ளா? எங்க?" என்று அவளே குனிந்து பார்த்தாள். எறும்பு கடித்ததாகவும் முள்ளில் நடந்ததாகவும் ராத்திரியெல்லாம் துடிக்கிற கால், பகலில் நிஜ முள் ஏறியதை அறியவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஊருக்கு வந்த ஒரு முகாமில், சுகர் கொஞ்சம் இருக்கிறது என்று வெகுநாளைக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மாத்திரையை நினைத்தால் போடுவாள். நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுவாள். மதுரையில் ஒரு சர்க்கரை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் முதலில் முள்ளை எடுத்துக் கட்டுப்போட்டார். பிறகு அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தம் கொடுத்ததும் வளைந்துவிடும் இழை அது. தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அவர் பெருவிரலில் தொட்டார். அம்மா பேசாமல் இருந்தாள். விரல்களுக்குக் கீழே தொட்டார். பேசாமல் இருந்தாள். கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான் "ம், இப்ப தொடுறீக" என்றாள். அதிரும் இசைக்கவை ஒன்றைப் பெருவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வும் தெரியவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடியே இருந்தால் நரம்புகளும் அவற்றுக்கு உணவு கொண்டுபோகும் மெல்லிய ரத்தக்குழாய்களும் கெடுகின்றன. உடலில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அவைதான் முதலில் அடிபடும். கெட்ட நரம்பு, தொட்டதையும் சுட்டதையும் சொல்லாது. ஆனால் யாரும் தொடாதபோது தானாகவே எரிச்சலையும் குத்தலையும் மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இரவில் அது கூடுவது இந்த நோயின் குணம். தூங்குகிறவளின் மூளைக்குக் காலில் தீ என்று சேதி போகிறது. அந்த மூளைக்குத் தீயோடு கால் சேரும் இடம் ஒன்றுதான் தெரியும். அது மாரியம்மன் பூக்குழி. மீதிக் கதையை அது கட்டிக்கொண்டது.

பூக்குழி இறங்கப்போவதாக அம்மா சொன்னதும் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அம்மா, சூடு தெரியுறவங்க சட்டுனு காலை எடுத்துருவாங்க. உங்களுக்குச் சுட்டதே தெரியாது. புண் ஆகும், ஆறாது. விரலை எடுக்கணும், சில பேருக்குக் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கு" என்றார்.

அம்மா வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். கால் போய்விடும் என்பதற்காக அழவில்லை. ஆத்தா தன்னை நினைக்கவே இல்லை, வெறும் சீக்கு என்பதற்காக அழுதாள். அந்த அழுகைக்கு மருத்துவத்தில் பதில் இல்லை. எங்கள் ஊர்ப் பூசாரியிடம் இருந்தது. நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஆத்தா கேட்டது நெசந்தான். கால் போகப்போகுதுன்னு சொல்லத்தான் கேட்டுருக்கா. இருக்கன்குடிக்குப் போயி கால் உருவம் வாங்கிப் போட்டுரு. கடன் தீந்துபோச்சு." அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோவிலில், உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பின் வடிவத்தைத் தகட்டில் வாங்கி உண்டியலில் போடுவார்கள். கண்ணும் கையும் காலும் வயிறும் கோவில் கடைகளில் வரிசையாகத் தொங்கும். அம்மா ஒரு சோடிக் கால் வாங்கிப் போட்டாள். செருப்பு அணிந்தே கோவில் வாசல்வரை போக வேண்டும் என்று நான் சொன்னதை அவள் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஒரு வரியைக் கண்டு திடுக்கிட்டேன். 2,300 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் கனவுக் குறிகளைப் பற்றி எழுதிய சிறு நூலில், உடலின் சில பகுதிகளில் லேசான சூடு ஏற்பட்டாலே, தூங்குகிறவர் தான் நெருப்பின் நடுவே நடப்பதாகக் கனவு காண்கிறார் என்று எழுதியிருக்கிறார். பகலில் பெரிய சத்தங்களும் வேலைகளும் இருப்பதால் நோயின் சின்னத் தொடக்கம் நமக்குத் தெரிவதில்லை, தூக்கத்தில் சின்னதும் பெரிதாகத் தெரிகிறது என்பது அவர் சொல்லும் காரணம். என் அம்மாவின் பூக்குழி அந்தப் பக்கத்தில் இருந்தது.

அவருக்குப் பின்னால் வந்த மருத்துவர் கேலன், ஒரு கால் கல்லாகிவிட்டதாகக் கனவு கண்டவருக்குப் பிறகு அந்தக் காலிலேயே வாதம் வந்ததை எழுதிவைத்தார். நம் பக்கத்துச் சரக சம்ஹிதை கனவுகளை 7 வகையாகப் பிரிக்கிறது. பார்த்தது, கேட்டது, அனுபவித்தது, ஆசைப்பட்டது, கற்பனை செய்தது ஆகிய முதல் ஐந்துக்கும் பலன் இல்லை என்று ஒதுக்கிவிட்டு, வரப்போவதைச் சொல்லும் கனவுக்கும் உடலின் தோஷத்தால் பிறக்கும் கனவுக்கும் தனி இடம் தருகிறது. வாத பித்த கபம் கெட்டால் கனவு மாறும் என்பது நம் வைத்தியர்களுக்குப் பழைய செய்தி. நம்மிடம் எஞ்சியது பலன் அட்டவணை மட்டும் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நம் காலத்தில் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய ஒரு பெண்ணின் கதையும் மறக்க முடியாதது. பித்தப்பை அறுவைக்காகச் சேர்க்கப்பட்ட அவர், முந்தின நாள், நிற்க முடியாமல் தள்ளாடுவதாகவும் கையில் பிடித்ததெல்லாம் நழுவுவதாகவும் கனவு கண்டார். அறுவைப் பயம் என்றார்கள். சில மணி நேரத்தில் கனவு அப்படியே நனவானது. தன் உடல் எங்கே இருக்கிறது என்று உணரும் நரம்புகள் அழற்சியால் செயலிழந்திருந்தன.

பல் விழும் கனவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற பாதிப் பேர் அதைக் கண்டு பயந்திருப்பீர்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் என்ற கிரேக்கக் கனவுநூலார், வாய் என்பது வீடு, பற்கள் அதில் குடியிருப்பவர்கள், வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள் என்று எழுதினார். எங்கள் அப்பத்தாவின் மேல்வரிசை கீழ்வரிசைக் கணக்குக்கு எவ்வளவு பக்கம்! 2018இல் இஸ்ரேலில் இரண்டு ஆய்வாளர்கள் பல் கனவுகளை ஆராய்ந்தபோது, அவை மனக்கவலையோடு சேர்ந்து வரவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடு சேர்ந்து வந்தன. எனக்கு அந்தக் கனவு வரும் காலங்களில் காலையில் தாடை வலிக்கும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று பல் மருத்துவர் சொல்லி, இரவில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்துகொடுத்தார். உறவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனாலும் எல்லாக் கனவு வலியும் நோய்க்குறி என்று யாராவது அட்டவணை போட்டால் அதையும் நான் நம்ப மாட்டேன். ஆரோக்கியமானவர்களிலும் பலர் எப்போதாவது ஒரு முறை கனவில் வலியை உணர்ந்திருக்கிறார்கள்; அடிதடிக் கனவில் விழும் அடிபோல, விழித்ததும் அது போய்விடுகிறது. மறுபடி மறுபடி அதே இடத்தில் வருவதும், விழித்த பிறகும் விடாததும்தான் வேறு.

அம்மாவுக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நரம்பு எரிச்சலுக்கு ராத்திரி ஒரு மாத்திரை. பூக்குழிக் கனவு அடியோடு நிற்கவில்லை, எப்போதாவது வருகிறது. வந்த மறுநாள் எனக்குப் போன் செய்து சொல்வாள். ரத்தப் பரிசோதனைக்கும் போய்வருவாள். பத்து விரலும் இருக்கின்றன.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். காலில் தீப்பிடித்ததாக, முள் குத்தியதாக, எறும்பு மொய்த்ததாக அவர் கனவு சொன்னால், பலன் பார்க்கும் முன் முழித்த பிறகும் வலித்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவருடைய பாதத்தைத் திருப்பி, விரலிடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்க்கிறார்கள்; அன்றைக்கே கூட்டிப்போங்கள்.